நிலத்துக்கு நெருக்கடி கூடும்போது இயற்கையின் சேவைகளை எப்படி மதிப்பிடுவது?

வயலோரப் புதர்களை அழித்துச் சாகுபடியை விரிப்பது லாபம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். விளைச்சலை மட்டும் கணக்கில் எழுதினால் அப்படித்தான் தெரியும். அந்தப் புதரில் தங்கும் தேனீக்கும், பூச்சி தின்னும் பறவைக்கும், மண்ணைப் பிடித்து நிற்கும் வேருக்கும் யாரும் ரசீது போடுவதில்லை. அதனாலேயே அவற்றின் மதிப்பு பூஜ்யமாகிவிடுகிறது.

சரி, எப்படி மதிப்பிடுவது? அந்தச் சேவை நின்றுபோனால் மாற்றுக்கு ஆகும் செலவைப் பார்க்கலாம்: வாடகைத் தேனீப் பெட்டி, கூடுதல் பூச்சிமருந்து. அல்லது விளைச்சல் எவ்வளவு குறையும் என்று பார்க்கலாம். மகரந்தச் சேர்க்கை உயிர்களை நேரடியாக நம்பியிருக்கும் உலக விளைச்சலின் ஆண்டு மதிப்பு 23,500 கோடி முதல் 57,700 கோடி டாலர் என்கிறது பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் பன்னாட்டு அமைப்பான ஐபிபிஇஎஸ்ஸின் 2016 அறிக்கை. இடைவெளி பெரிதுதான், ஆனாலும் பூஜ்யத்தைவிட இது எவ்வளவோ நேர்மையான எண். அடித்துப்போன மேல்மண்ணுக்கோ இந்தக் கணக்கு போதாது, அதற்குக் கடையில் மாற்றே இல்லை.

அப்புறம், செலவு யாருக்கு என்பதுதான் உண்மையான சிக்கல். புதரை விட்டுவைக்கும் விவசாயி விளைச்சலை இழக்கிறார், அதனால் கிடைக்கும் சுத்தமான தண்ணீரோ ஓடையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்குப் போகிறது. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா 1997 முதல் எரிபொருள் வரிப் பணத்தையும் சேர்த்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குத் தொகை கொடுக்கிறது. விவசாயியை மட்டும் தியாகம் செய்யச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன்.