கை மரத்துப்போவதற்குக் கிருமிநாசினி காரணமா?

கேள்வி: எனக்கு வயது 42. மருத்துவமனை ஒன்றில் மூன்று ஆண்டுகளாகத் துப்புரவு வேலை. தரை, கட்டில் எல்லாவற்றுக்கும் பென்சல்கோனியம் குளோரைடு கலந்த மருந்துதான். சில மாதங்களாக இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. ஸ்பிரே அடித்தால் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. இது நரம்பையே முடக்கிவிடும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்தப் பேச்சு காரணமில்லாமல் வந்ததல்ல. இந்த மருந்து குவாட்டர்னரி அம்மோனியம் வகை. நைட்ரஜன் அணுவோடு நான்கு கார்பன் கிளைகள் சேர்ந்திருப்பதால் அதன்மேல் எப்போதும் நேர்மின்னூட்டம் இருக்கும். தசையை இயக்க நரம்பு நுனி சுரக்கும் அசிட்டைல்கோலினுக்கும் இதே அமைப்புதான். அது தசையிலுள்ள ஏற்பியில் (அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடத்தில்) போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியும் இந்தக் குடும்பம்தான். அதனால், தண்ணீர் கலக்காத மருந்தை யாராவது நிறையக் குடித்துவிட்டால் வாயும் உணவுக்குழாயும் வெந்துபோவதோடு, மூச்சுத் தசைகள்கூடச் செயலிழக்கலாம். அப்போது வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் அது குடித்தவர் கதை. மின்னூட்டம் உள்ள பொருள் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. மூளைக்குள்ளும் எளிதில் நுழையாது. கிருமியின் மேலுறையைக் கிழிப்பதுபோல நம் தோல், கண் ஆகியவற்றின் மேற்புற செல்களையும் அது புண்படுத்தும். கை வெடிப்பதும் கண் எரிவதும் அதனால்தான்.

அப்படியானால் உங்கள் விரல்கள்? இரவில் மரத்துப்போகிறது, அதுவும் ஒரு கையில் மட்டும், தினமும் துடைப்பத் துணியைப் பிழிகிற கை. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். சுண்டுவிரல் மட்டும் மரக்காமல் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் நெஞ்சு இறுக்கம்தான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை மருந்துகளால் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒருமுறை ஒவ்வாமை பதிந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். விடுமுறை நாளில் இறுக்கம் குறைகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். வேலை நாளிலும் விடுமுறையிலும் மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவியில் ஊதிப் பார்க்கச் சொல்வார். இன்னொன்று: சில நெபுலைசர் மருந்துகளில், மருந்து கெடாமல் இருப்பதற்காக இதே பென்சல்கோனியம் சேர்க்கப்பட்டிருக்கும். அது சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கும் என்பதால் உங்கள் வேலையைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதுவரை ஸ்பிரே வேண்டாம். துணியில் ஊற்றித் துடையுங்கள். லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள், பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், வேலையை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.