கிளாக் 1,300 ஹெர்ட்ஸ் குறைந்தால் பாட்டு கெடுமா?

கேள்வி: நான் கட்டிய டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும்) போர்டில் கிளாக்குக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். டேட்டாஷீட்டில் லோடு, அதாவது கிரிஸ்டல் எதிர்பார்க்கும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ், 18 பிகோஃபாரட். இரு பக்கமும் 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன். கிரிஸ்டல் காலில் அளவுக்கருவியின் புரோப் வைத்தால் 1,300 ஹெர்ட்ஸ் குறைவாகக் காட்டுகிறது. டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் கெப்பாசிட்டர்) வைத்துச் சரிசெய்தால் ஒலி மேம்படுமா?

பதில்: முதலில் புரோபை அங்கிருந்து எடுங்கள். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10x புரோப்கூட 10 முதல் 15 பிகோஃபாரட் வரை சேர்த்து, அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். சில போர்டுகளில் ஆஸிலேட்டர் நின்றே போகும். மாஸ்டர் கிளாக் வெளியே வரும் காலிலோ, 48,000 ஹெர்ட்ஸ் வரவேண்டிய எல்ஆர் (இடது-வலது சேனல்) கிளாக் காலிலோ, கவுண்டர் எண்ணும் கேட் நேரத்தை 10 நொடி வைத்து அளவெடுங்கள். மலிவான கவுண்டரின் சொந்தக் கிரிஸ்டலே விலகியிருக்கலாம், அதையும் முழுசாக நம்பவேண்டாம்.

அடுத்து கெப்பாசிட்டர். தொடரில் இரண்டு 33 சேர்ந்தால் 16.5; ஐசி காலும் தடமும் தருவது சுமார் 4; மொத்தம் 20.5. தேவை 18 என்பதால் 27 போடுங்கள்: 13.5 உடன் 4 சேர்ந்து 17.5. சூட்டில் மதிப்பு அதிகம் மாறாத என்பிஓ வகைதான் வேண்டும். எக்ஸ்7ஆர் வகையில் மாறும். மாற்றியபின் சால்டரிங்கில் மிஞ்சிய ஃப்ளக்ஸைத் துடைத்துவிடுங்கள். ஈரம் கோத்தால் அது கசிவுப் பாதையாகி, ஆன் செய்தவுடன் கிளாக் எழும்பாமல் தகராறு செய்யும்.

டிரிம்மர் வேண்டாம். உங்கள் விலகல் சுமார் 53 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 53 பங்கு. சுருதியில் ஒரு சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) என்பதே 578 பிபிஎம். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் பிடிபடாது. காதுக்குத் தொந்தரவு தரக்கூடியது ஜிட்டர், அதாவது கிளாக்கின் விளிம்புகள் முன்னும் பின்னும் நடுங்குவது. டிரிம்மரைத் திருகி அதைக் குறைக்க முடியாது. ஆஸிலேட்டர் சப்ளைக்குத் தனியாக ஒரு குறைந்த இரைச்சல் ரெகுலேட்டர், சப்ளைக் காலை ஒட்டி 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், கிரிஸ்டலுக்கு அடியில் சிக்னல் தடம் ஓடாத போர்டு: காசு இங்கே போகட்டும்.

கேள்வி: இரண்டு ரெக்கார்டரில் ஒரே கச்சேரியைப் பதிந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒலிகள் பிரிந்துவிட்டன. ஏன்?

பதில்: ஒன்றின் கிளாக் 20 பிபிஎம் கூட, மற்றதன் கிளாக் 20 குறைவு என்றால் வித்தியாசம் 40. 3,600 நொடியில் அது 144 மில்லிநொடி. இரு கருவிகளையும் ஒரே கிளாக்கில் ஓடவைக்கும் வேர்டு கிளாக் வசதி இருந்தால் ஒன்றை மற்றதோடு பூட்டுங்கள். இல்லையெனில் தொடக்கத்திலும் முடிவிலும் கை தட்டிக் குறி வைத்து, எடிட்டரில் ஒரு தடத்தின் நீளத்தை மற்றதற்கு ஈடாக்குங்கள்.