ஏலக்கூடத்துத் தூணு பேந்தா யார்கிட்ட போறது?

கேள்வி: அண்ணே, எங்களுக்கு தொண்டி பக்கம். கடற்கரையில மீன் ஏலக்கூடம் கட்டி ரெண்டு மழைதான் பாத்திருக்கு, அதுக்குள்ள தூண்ல சிமெண்ட் பேந்து கம்பி துருவோட வெளிய தெரியுது. ஆடிட் ஆபீசுக்கு மனு போட்டா காண்ட்ராக்டர் மேல ஆக்ஷன் எடுப்பாங்களா?

பதில்: தம்பி, ஆடிட்காரங்க யாரையும் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க, அந்த அதிகாரமே அவங்களுக்கு இல்ல. சிஏஜின்னு அரசு செலவுக் கணக்கைத் தணிக்கை பண்ற அமைப்பு, அந்த ஆளுங்க கணக்கைப் பாத்து, துறைகிட்ட விளக்கம் கேட்டு, பதில் சரியில்லன்னா அறிக்கையில எழுதுவாங்க, அது கவர்னர் வழியா சட்டசபைக்குப் போயி எம்எல்ஏக்கள் இருக்குற பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும், வருஷக்கணக்கா இழுக்கும். எல்லா வேலையையும் பாக்குறதும் இல்ல, சாம்பிள்ல உங்க கூடம் வந்தாத்தான் உண்டு. லஞ்சம் கைமாறிருந்தா அதுக்கு லஞ்ச ஒழிப்புத்துறை, 1964லேர்ந்து இருக்கு. எங்க போனாலும் கையில பேப்பர் வேணும்ப்பா, வெறும் "ஊழல்"னு எழுதுன மனு நிக்காது.

அதனால முதல்ல தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டுன துறையோட பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்டிமேட், அக்ரிமெண்ட், எம் புக், பில் எல்லாத்துக்கும் நகல் கேளுங்க. எம் புக்னா வேலையை அளந்து இன்ஜினியர் எழுதுற நோட்டு, அதை வச்சுத்தான் பில்லே பாஸ் ஆகும். அதுல போட்ட அளவையும் தூணையும் டேப் பிடிச்சுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா அங்கயே தெரிஞ்சிரும். நெறைய பேருக்குத் தெரியாது, அந்தச் சட்டத்தோட 2(ஜே) பிரிவுல வேலையை நேர்ல பாக்கவும், போட்ட பொருள்ல சான்றளிச்ச சாம்பிள் எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு! கம்பிக்கு மேல கான்கிரீட் எவ்ளோ கனம்னு கண்டிப்பா கேளுங்க, நம்ம உப்புக்காத்துல அது குறைஞ்சா கம்பி துருவேறி உப்பி சிமெண்டைத் தள்ளிரும். காண்ட்ராக்டர் சொந்தச் செலவுல சரிபண்ணித் தர வேண்டிய காலம் அக்ரிமெண்ட்ல இருக்கும், அது முடியுறதுக்குள்ள எழுத்துல புகார் குடுத்துருங்க, துறைகிட்ட கட்டி வச்ச டெபாசிட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா அப்புறம் ஆளைப் பிடிக்கிறது கஷ்டம்.

தகவல் கேட்டு 30 நாள்ல பதில் வரலன்னா அதே துறையில மேல்முறையீடு, அதுக்கும் அசையலன்னா மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி: பேரு தெரிஞ்சா ஊருக்குள்ள பகை வருமேண்ணே?

பதில்: நியாயமான பயந்தான். எதுக்குக் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்ல, இந்தியக் குடிமகன் யார் வேணா போடலாம். சென்னையிலயோ திருப்பூர்லயோ இருக்குற சொந்தக்காரர் பேர்ல, அவங்க விலாசத்துக்கே பதில் வர்ற மாதிரி அனுப்புங்க.