சூறாவளிச் சேதம்: எந்த ஊருக்கு அடி பலம்?

கேள்வி: 2017-ல் வந்த சூறாவளிகளில் ஹார்விதான் அதிக நஷ்டம் ஏற்படுத்தியது என்று படித்தேன். அப்படியானால் பெரிய அடி டெக்சாஸுக்குத்தானா?

பதில்: டாலரை மட்டும் எண்ணினால் ஆமாம். ஹார்வியால் ஏற்பட்ட சேதம் சுமார் 12,500 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஹூஸ்டன் வட்டாரத்தில் புகுந்த வெள்ளத்தால் வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 18 இரவு மரியா என்ற சூறாவளி கரீபியக் கடலிலுள்ள டொமினிகா என்ற தீவு நாட்டை மிதித்துவிட்டுப் போனது. (டொமினிகன் குடியரசு வேறு நாடு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அங்கே சேதமும் இழப்பும் சேர்த்து சுமார் 130 கோடி டாலர். ஹார்வியோடு வைத்துப் பார்த்தால் நூறில் ஒரு பங்குதான். ஆனால் எழுபதாயிரம் பேர் வாழும் அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் அது 226 சதவீதம். நாடே சேர்ந்து இரண்டேகால் வருஷம் உழைத்துச் சம்பாதிப்பது ஒரே இரவில் போய்விட்டது. ஹார்வி அமெரிக்காவின் ஓராண்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சரி, டெக்சாஸை மட்டும் தனியாக எடுத்தாலும் பத்து சதவீதத்துக்குள்தான் வரும். வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நின்றவருக்கு இந்தச் சதவீதம் ஆறுதல் ஆகாது, தெரியும். ஆனால் அவருக்குக் கைகொடுக்க அடிபடாத மாநிலங்கள் இருந்தன. டொமினிகாவில் அடிபடாத ஊரே கிடையாது.

கேள்வி: ‘சேதமும் இழப்பும்’ என்று எப்போதும் சேர்த்தே எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றில்லையா?

பதில்: இல்லை. இன்னொரு கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் ஜாதிக்காயைப் பாருங்கள். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு அது. ஏற்றுமதியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. 2004-ல் இவான் சூறாவளி வந்து தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரத்தின் மதிப்பு சேதம். ஆனால் புதுக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அது ஆண் மரமா, காய் தரும் பெண் மரமா என்பதே பூத்த பிறகுதான் தெரியும். அத்தனை வருஷமும் விவசாயிக்கு வராமல்போன வருமானம், காய் பொறுக்கியவர், ஜாதிபத்திரி பிரித்து உலர்த்தியவர் எல்லோருக்கும் நின்றுபோன கூலி, இவைதான் இழப்பு. சேதப் பட்டியல் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இழப்பு வருஷக்கணக்கில் ஓடும்.

கேள்வி: மகள் புளோரிடாவில் வீடு வாங்கியிருக்கிறாள். காப்பீடு இருப்பதால் பயமில்லை என்கிறாள். சரிதானா?

பதில்: பாலிசியை எடுத்து இரண்டு இடங்களைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில், சூறாவளிக்கென்று தனியாக உள்ள கழிவுத் தொகை, அதாவது காப்பீடு பணம் தருவதற்கு முன் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய பங்கு. அது பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 3 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 5 சதவீதம் என்றால், முதல் 15,000 டாலர் அவர் கையிலிருந்துதான் போகும்.

அடுத்தது வெள்ளம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் அது வராது. 1968-ல் தொடங்கிய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியாரிடமோ வேறு பாலிசி எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், புயல் கிளம்பிய பிறகு ஓடிப் பயனில்லை. 2005-ல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் மிசிசிப்பி கடலோரத்தில் பல வீடுகளில் சிமென்ட் தளம் மட்டுமே மிஞ்சியது. கொண்டுபோனது காற்றா கடலா என்று நிரூபிக்கக் குடும்பங்கள் நீதிமன்றம் ஏறின. மகளிடம் இன்றே பேசுங்கள்.

கேள்வி: பழைய புயல்களை இன்றைய புயல்களோடு ஒப்பிடலாமா?

பதில்: விலைவாசியை மட்டும் சரிசெய்தால் போதாது, புயல் அடித்த இடத்தில் இன்று எவ்வளவு கட்டடம் நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1926 மயாமி சூறாவளி இன்றைய மயாமியின் கட்டடங்கள்மேல் அடித்தால் 20,000 கோடி டாலரைத் தாண்டும் என்கிறது ஒரு மதிப்பீடு.

கேள்வி: சின்ன நாடுகள் மறுபடி கட்டப் பணத்துக்கு எங்கே போகின்றன?

பதில்: பெரும்பாலும் கடனுக்கு. இவானுக்குப் பிறகு கரீபிய நாடுகள் சேர்ந்து 2007-ல் பொதுக் காப்பீட்டு நிதி ஒன்றைத் தொடங்கின. வீடுவீடாகச் சேதம் பார்க்காமல், காற்றின் வேகத்தையும் கடல் எழுச்சியையும் வைத்துக் கணக்கிடுவதால் இரண்டு வாரத்துக்குள் பணம் வரும். மரியாவுக்குப் பின் டொமினிகாவுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் கிடைத்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்கு உதவும், ஊரைக் கட்ட எப்படிப் போதும்? கிரெனடா இன்னொன்றும் செய்தது. புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற நிபந்தனையைக் கடன் பத்திரத்திலேயே எழுதி வாங்கியது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அந்நாட்டின் காரியகூ தீவைத் தரைமட்டமாக்கியபோது அதைப் பயன்படுத்தி வட்டி கட்டுவதைத் தள்ளிப்போட்டது. கடன் வாங்கும் ஒவ்வொரு தீவும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.