கேன் வாட்டர் யூனிட்: லைசென்ஸ், ஃபீஸ், போர் (ஆழ்துளைக் கிணறு) பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கேன் வாட்டர் யூனிட்டுகளுக்கு லைசென்ஸ் பேப்பர் தயார் செய்து கொடுப்பது என் தொழில். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, செங்கல்பட்டு பக்கம் யூனிட் போடப் போறேன். மொத்தம் ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

தம்பி, எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். ஃபீஸ் பெரிய விஷயமே இல்லை. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸில் பெரியது மத்திய லைசென்ஸ், அதற்கே ஆண்டுக்கு 7,500 ரூபாய்தான், மாநில லைசென்ஸுக்கு அதைவிடக் குறைவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவுக்கான கட்டணம் நிலம், கட்டடம், மெஷின் எல்லாம் சேர்த்து நீங்கள் போடும் முதலீட்டைப் பொறுத்து மாறும். உங்களை நிறுத்தப் போவது தண்ணீர்தான். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஊர் எந்தக் குறுவட்டத்தில் (பிர்கா) வருகிறது, அந்தக் குறுவட்டம் அதிநுகர்வா (ஊறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் எடுக்கும் பகுதியா), அபாயகரமானதா, பாதுகாப்பானதா என்று பாருங்கள். 2014-இல் வந்த அரசாணை 142 இந்த வகைப்பாட்டை வைத்துத்தான் நிலத்தடி நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று (என்ஓசி) தருவதை முடிவு செய்தது. அதிநுகர்வுப் பகுதியில் போர் போட்டுவிட்டு, அப்புறம் சான்று வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் பணத்தை முடக்காதீர்கள்.

பக்கத்து யூனிட்காரர் சான்று இல்லாமலேயே பல வருஷமா ஓட்டுறாரே?

ஓட்டலாம், சீல் வைக்கும் வரை. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் யூனிட்டுகளை மூடச் சொன்னதும் நூற்றுக்கணக்கான யூனிட்டுகளுக்குச் சீல் விழுந்தது, உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், சென்னையில் கேனுக்குத் தட்டுப்பாடு வந்தது. கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். உறிஞ்சுவது ஊருக்கே பொதுவான தண்ணீர், பக்கத்து விவசாயக் கிணறு வற்றினால் அந்த விவசாயி நீதிமன்றத்துக்குப் போவது நியாயம்தானே.

ஐஎஸ்ஐ முத்திரை இனி வேண்டாமா?

2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். முன்பு ஐஎஸ் 14543 (அடைக்கப்பட்ட குடிநீருக்கான ஐஎஸ்ஐ தரம்) சான்று இல்லாமல் கேனை விற்கவே முடியாது, இப்போது அது உங்கள் விருப்பம். இதைக் கேட்டு நிறையப் பேர் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் அடுத்த மாதமே, அதாவது நவம்பர் 29 அன்று, பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்துவிட்டது உணவுப் பாதுகாப்பு ஆணையம். அதனால் லைசென்ஸ் தருவதற்கு முன்பே நேரில் ஆய்வு, பிறகு வருடாந்திர ஆய்வு, அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனத்தின் தணிக்கை என்று வேலை கூடிவிட்டது. சான்று ஃபீஸ் மிச்சம் என்று லேபைக் கைவிட்டவர்கள் சிக்குவார்கள். என்னைக் கேட்டால் சொந்த லேபும் கெமிஸ்ட்டும் கட்டாயம் வேண்டும், ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் இது.

டேங்கர் தண்ணீர் வாங்கி ஆர்ஓ போட்டால் போர் அனுமதி தேவையில்லைதானே?

உங்கள் இடத்தில் போர் இல்லை, சரி. அந்த லாரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்தப் போருக்கு அனுமதி இருக்கிறதா என்று நகல் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள், மூலத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையும் அதோடு இருக்கட்டும். சப்ளையர் நகல் தர மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.

நான் கேன் வாங்குற ஆள். எதைப் பார்த்து வாங்கணும்?

14 இலக்க லைசென்ஸ் எண் லேபிளில் இருக்க வேண்டும், அதை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயர், எந்த முகவரி, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தயாரித்த தேதியும் மூடியின் சீலும் பாருங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 75-இலிருந்து 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, 20 காட்டினால் சுத்தமான தண்ணீர் என்று அர்த்தமில்லை, விதிக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் "மினரல் வாட்டர்" என்று சொன்னாலும் ஆர்ஓ கேன் மினரல் வாட்டர் கிடையாது, அதற்குத் தனித் தரம் (ஐஎஸ் 13428) உண்டு.

ஜிஎஸ்டி குறைஞ்சுதா சார்?

ஆமாம், 2025 செப்டம்பர் 22 முதல் 20 லிட்டர் கேனுக்கு 12-இலிருந்து 5 சதவீதம். பழைய பில் புத்தகத்தையே வைத்து 12 வசூலிக்காதீர்கள்.