கொழும்பு ஹீட்டர் நுவரெலியாவில் ஏன் குளிர்கிறது? – கேள்வி பதில்

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் சுடுநீர் ஹீட்டர் பூட்டுவதும் கழற்றுவதுமாகப் பொழுது போகிறது. ஹீட்டர் மாற்றுவது பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

ஹட்டனிலிருந்து: ஐயா, எங்கள் 50 லீற்றர் ஹீட்டருக்கு ஒன்பது வயது. ஆளியைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

கடைக்காரர் வேறு என்ன சொல்வார், தம்பி? மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் ட்ரிப் சுவிட்ச். அது விழுவது பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் கொயிலின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போனதால்தான். கொயிலையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் தனியாக மாற்றலாம். ஆனால் அதற்காகக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மக்னீசியம் தண்டையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அநுராதபுரத்தைப் போல நம் தண்ணீரில் சுண்ணாம்பு படியாது. ஆனால் சற்று அமிலத்தன்மை உள்ள மென்னீர் என்பதால் இரும்பை அரிக்கும். அந்தத் தண்டு தன்னைக் கரைத்துக்கொண்டு தாங்கியைக் காப்பாற்றுகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் திறந்து பார்த்த வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட மாற்றியதில்லை. தண்டு இருந்த இடத்தில் வெறும் கம்பி மட்டும் மிஞ்சியிருந்து, வடியும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் கொயிலுக்குச் செலவழிக்காதீர்கள். தாங்கியின் உடம்பிலேயே கசிவு கண்டுவிட்டால் ஒட்டு வேலை எதுவும் நிற்காது.

நுவரெலியாவிலிருந்து: அண்ணா, கொழும்பு வெள்ளவத்தையில் என் மச்சான் வீட்டில் தாங்கி இல்லாத சின்ன ஹீட்டர், 3.5 கிலோவோட். திறந்த உடனே சுடுநீர் வருகிறது. விலையும் குறைவு. அதையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுக் குழாயில் வருவதே ஏறத்தாழ 28 பாகைத் தண்ணீர். குளிக்க 38 பாகை போதும். பத்துப் பாகை ஏற்றினால் வேலை முடிந்தது. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் குழாயைத் திறந்தால் 15 பாகை, பனி விழும் ஜனவரியில் அதற்கும் கீழே. அங்கே 23 பாகை ஏற்ற வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் என்பது கடற்கரைக்கும் மலைக்கும் பொது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே பெட்டி வெள்ளவத்தையில் நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும், உங்களிடம் 2.2 லீற்றர்தான் தரும். அது ஷவர் அல்ல, சளி பிடித்த மூக்கு.

பெரியதாக 5.5 கிலோவோட் வாங்குகிறேன் என்பீர்கள். அப்போதும் 3.4 லீற்றரைத் தாண்டாது. அது இழுப்பது 24 அம்பியர். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால், நீங்கள் குளிக்கும்போது அடுப்படியில் ரைஸ் குக்கரும் அறையில் அயர்ன் பெட்டியும் சேர்ந்தால் வீடே இருட்டாகும், நீங்கள் சவர்க்காரத்தோடு நிற்பீர்கள். மெயின் சுவிட்ச் பலகையிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயரும் தனியாக இழுக்க வேண்டும்.

மலைக்குத் தாங்கி வைத்த ஹீட்டர்தான். 2 கிலோவோட் என்றால் 9 அம்பியருக்குள் அடங்கும். 50 லீற்றரை 60 பாகைக்குச் சூடாக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 பாகையில் 90 லீற்றர் கிடைக்கும். வாளியில் குளிப்பவர்கள் நான்கு பேருக்குக் காணும். ஷவர் என்றால் இரண்டு பேர், அதுவும் பாட்டுப் பாடாமல் குளித்தால்.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: ஹீட்டர் விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்க வேண்டும், ஐயா?

விலை அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை, டீச்சர். பழைய ரசீதை வைத்துக்கொண்டு கடையில் சண்டை பிடிக்கவும் வேண்டாம். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது; ஹீட்டர்கள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

கடையில் சொல்ல மறப்பவை இவை: அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு, வெளியே எடுக்கும் சுடுநீருக்கான சிபிவிசி குழாய் (சாதாரண பிவிசி 60 பாகையில் இளகும்), தனி வயர், தனி பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் அது, எர்த் சரியில்லாவிட்டால் புதிய எர்த் கம்பி. சுவர் சீமெந்துக் கல்லா களிமண் செங்கல்லா என்றும் பாருங்கள். நிரம்பிய 50 லீற்றர் தாங்கி 65 கிலோவுக்குக் குறையாது.

ஆனால் உண்மையான செலவு சுவரில் இல்லை, மின்பட்டியலில் இருக்கிறது. 50 லீற்றரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2.6 அலகு. தினமும் ஒருமுறை என்றால் மாதம் 78 அலகு. அலகு 40 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 3,120 ரூபாய், ஐந்து வருடத்தில் 187,200 ரூபாய். அதோடு மாதம் 70 அலகு பாவித்த வீடு 148க்குத் தாவும்; மின்கட்டணப் பட்டியலில் படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். அதனால் விலை குறைந்த, சூடு காக்கும் உறை மெலிந்த ஹீட்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. உங்கள் ஊர் நுவரெலியாவை விடச் சூடு, கணக்கு சற்றுக் குறையும்.

வட்டவளையிலிருந்து: மேலே மலையில் உள்ள ஊற்றிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறோம். ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு ஒழுகிக்கொண்டே இருந்ததால் பைப் வேலை செய்யும் பையன் அடைப்பு வைத்து நிறுத்திவிட்டான். இனிப் பிரச்சினை இல்லையே?

வாசித்து முடித்ததும் ஹீட்டரை நிறுத்துங்கள். அடைப்பைக் கழற்றும்வரை ஆளியைத் தொடவே கூடாது.

பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். ஊற்று உங்கள் கூரைக்கு 60 மீற்றர் மேலே இருந்தால் ஹீட்டர் குளிர்ந்து கிடக்கும்போதே 6 பார் தாங்குகிறது. பெரும்பாலான தாங்கிகளில் எழுதியிருக்கும் எல்லை 8 பார். சூடாகும்போது 50 லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய முக்கால் லீற்றர் பெருக்கும்; அது போக வழி இல்லாவிட்டால் தாங்கி வெடிக்கும். சூடாகும் நேரத்தில் வால்வு சொட்டுவது நோய் அல்ல, அதன் தொழில். சொட்டும் தண்ணீரைச் சிறு குழாயில் வெளிக் கானுக்கு விட்டுவிடுங்கள். ஹீட்டருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பூட்டி 3 பாருக்கு இறக்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு வடிகட்டி. மழைக்காலத்தில் ஊற்று கொண்டுவரும் மண்ணெல்லாம் தாங்கியின் அடியில்தான் உட்காரும்.

வெலிமடையிலிருந்து: சூரிய ஹீட்டர்?

உங்கள் பக்கம் யோசிக்கலாம். தென்மேல் பருவக்காற்று ஹட்டனை நனைக்கும் மாதங்களில் உங்கள் ஊவாவில் வெயில் இருக்கும். வெயில் இல்லாத நாளுக்குத் தாங்கியில் மின்கொயில் கட்டாயம். 200 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. தகரக் கூரையில் வைக்காமல் தனித் தாங்கு கட்டுங்கள். பனி உறையும் பள்ளங்களில் தட்டைப் பலகை வகையின் குழாய் வெடிக்கலாம், வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை பாதுகாப்பு.

நானுஓயாவிலிருந்து: கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பூட்டலாமா?

கூடாது. குளிருக்கு ஜன்னலை அடைப்பவர்கள் நாம். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ராகலையிலிருந்து: ஆளியை நாள் முழுக்கப் போட்டு வைப்பது சிக்கனம் என்கிறார்களே?

யார் சொன்னார்கள்? குளிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போடுங்கள், குளிக்கப் போகும்போது நிறுத்துங்கள்.

கொட்டகலையிலிருந்து: தோட்ட லயன் வீடு. அம்மாவுக்கு 78 வயது. ஹீட்டர் வாங்க வசதியில்லை, வாளிக்குள் போடும் மின்கம்பி வாங்கலாமா?

வேண்டாம், தங்கச்சி. பழைய லயன்களில் எர்த் ஒழுங்காக இருப்பது அபூர்வம். ஈரத் தரை, அலுமினிய வாளி, அந்தக் கம்பி மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விறகு அடுப்பு இருக்கிறதல்லவா? நம் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆறேகால் லீற்றர் கொதிநீருடன் பதினாலு லீற்றர் அளவு பீலித் தண்ணீர் சேர்ந்தால் 40 பாகையில் ஒரு வாளி நிறையும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், கொதிநீரைப் பிறகு. அம்மா உட்காரும் முன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.