கோச் மாறினாரு, டீம் மாறுச்சா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பையன் காலேஜ் ஃபுட்பால் டீம்ல ரைட் பேக், வலது பக்க டிஃபன்டர். போன வருஷம் வரைக்கும் ஸோன் ஃபைனல் போன டீம் அது. இந்த ஜூன்ல புது கோச் வந்தாரு, செவன்ஸ் ஆடவே கூடாதுன்னுட்டாரு, ரெண்டு மாசம் பிராக்டிஸ் மேட்ச் கூட வைக்கல, கடைசில செமில 2-1 தோத்துட்டு வந்தாங்க. அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பாக்கறாங்கன்னு பேச்சு அடிபடுது. தப்பு யார் மேலங்க?
– ஒரு அப்பா, கொழிஞ்சாம்பாறை

பதில்: அண்ணா, அந்த செமிய நான் முழுசா நின்னு பாத்தேனுங்க, தப்புன்னு யாரையும் கை காட்ட எனக்கு மனசு வரல. அந்த டீமோட பழைய பழக்கத்த சொன்னாத்தான் இது புரியும். நம்ம பசங்க பந்து ஆட கத்துக்கறதே செவன்ஸ்லதான், மழை விட்டதும் வயல்ல மூங்கில் கேலரி கட்டி, லைட்ட போட்டு, ராத்திரி ஒம்பது மணிக்கு விசில் ஊதுவாங்களே, அதுல. ஏழு பேரு, சின்ன கிரவுண்ட், ஆஃப்சைட், அதாவது பந்த தட்டறப்ப கடைசி டிஃபன்டர தாண்டி நிக்கறவனுக்கு பந்து குடுத்தா செல்லாதுங்கற ரூல், பெரும்பாலும் கெடையாது. டிஃபன்டர் ஆள புடிச்சுட்டு நின்னா போதும். பதினோரு பேர் ஆட்டத்துல அது செல்லாதுங்க, நாலு பேரும் ஒரே கோட்டுல ஏறி எறங்கணும், ஒருத்தன் பின்னாடி தங்கிட்டா அவனே எதிராளிய ஆன்சைட்ல வெச்சுடறான். பழைய டீம் ரெண்டு வருஷமா ஃபைனல் போய் ரெண்டு தடவையும் எழுவது நிமிஷத்துக்கு அப்பறம் கோல் வாங்கித்தான் தோத்துச்சு. அப்ப யாரும் இத பேசல.

ஆகஸ்ட்ல ஒரு நாள் காலைல ஆறரைக்கு கிரவுண்ட் பக்கம் போயிருந்தேன். நாலு டிஃபன்டரோட இடுப்புலயும் கவுறு, கெணத்துல தண்ணி எறைக்கற நாரு கவுறுதான், ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர் இருக்கும். கோச் பந்த கால்ல வெச்சுட்டு இடது பக்கம் திரும்பினா நாலு பேரும் இடது பக்கம் நகரணும், பின்னாடி தட்டினா எல்லாரும் சேந்து முன்னாடி ஏறணும். ரைட் பேக் பையன், உங்க மகனாத்தான் இருக்கணும், மொத பத்து நிமிஷத்துல நாலு தடவ லேட்டானான், லேட்டாகறப்பல்லாம் கவுறு இழுத்து பக்கத்துல இருந்தவன் தடுமாறினான். கோச் திட்டவே இல்ல. கிட்ட போய் அவன் தோள புடிச்சு பந்து இருக்கற பக்கம் திருப்பி விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாரு, ஏழு மணிக்கு அந்த கவுறு தொய்வும் இல்லாம விறைப்பும் இல்லாம நாலு பேரோடயும் சேந்து நகர்ந்தத பாத்து எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு, ஏன்னா நானும் இருபது வயசுல ரைட் பேக்தான், எனக்கு இத சொல்லிக் குடுக்க ஆள் இல்ல.

செமியும் ஜனவரில, நம்ம பாலக்காட்டு கணவாய் காத்து உங்களுக்கு தெரியாததா, கோயமுத்தூர் பக்கமிருந்து வந்து பனைமரத்த சாய்க்கற மாதிரி அடிச்சுது. டாஸ் ஜெயிச்ச கேப்டன் மொத பாதிக்கு எதிர்காத்து பக்கத்த கேட்டு வாங்கினான், கேலரில எல்லாரும் கத்தினாங்க. கால்ல தெம்பு இருக்கறப்பவே கஷ்டமான பாதிய முடிச்சுடணும்கறது கோச்சோட கணக்கு, பந்த தரையிலயே வெச்சு ஆடி அந்த பாதிய 1-1ல முடிச்சாங்க. வாங்குன ரெண்டாவது கோல் கார்னர்ல வந்தது, கீப்பர் காத்துல பந்த தப்பா கணிச்சுட்டான், அவ்வளவுதான். தொண்ணூறாவது நிமிஷத்துலயும் பசங்க ஓடிட்டிருந்தாங்க, அது இந்த டீம்ல நான் பாக்காத ஒண்ணு. கோச்ச மாத்தறது பெரிய தப்புங்க, பெத்தவங்க நாலு பேர் சேந்து போய் பிரின்சிபால் கிட்ட பேசுங்க, நீங்களே மொத ஆளா போங்க.

கேள்வி: கோச் மலப்புரத்துக்காரரு, எல்லாமே மலையாளத்துல. வீட்ல தமிழ் பேசற எங்க பசங்கள ஓரங்கட்டிடுவாரோ?
– ஒரு அம்மா, வேலந்தாவளம்

பதில்: அந்த பயம் வேண்டாங்கம்மா. மாநில டீமுங்க மோதற தேசிய ஃபுட்பால் கப்பு சந்தோஷ் டிராபி, அத கேரளா மொத மொத ஜெயிச்சது 1973ல, எர்ணாகுளத்துல, ஃபைனல்ல ரயில்வேஸ 3-2 அடிச்சாங்க, கேப்டன் மணி மூணு கோலும் போட்டாரு. அந்த டீமுக்கு கோச் சைமன் சுந்தர்ராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு ஆடுன நம்ம தமிழ்நாட்டுக்காரரு. மலையாளத்து பசங்க அவர் பேச்ச கேட்டுத்தான் கப்ப தூக்கினாங்க. நம்ம பசங்களுக்கு மலையாளம் புரியாதா என்ன, கோச் "கேறு"ன்னா கேப்டன் "ஏறுடா"ன்னு திருப்பி கத்தறான், லைன் ஏறுது. அந்த கேப்டன் வீட்டுலயும் தமிழ்தான்.

கேள்வி: அண்ணா, நான் அதே டீம்ல விங்கர், ஓரத்துல ஓடி அட்டாக் பண்றவன். செவன்ஸ்ல ஒரு ராத்திரி ஆடினா ஆயிரம் ரூபா கெடைக்கும், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, வீட்டுக்கு அந்த காசு வேணும். கோச்சுக்கு தெரியாம ஆடலாமா?
– பேர் வேண்டாம், சித்தூர்

பதில்: தம்பி, உன் லெட்டர மூணு தடவ படிச்சேன். காசு வேணும்னு நீ நெனைக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா தெரியாம ஆடாத. எனக்கு முட்டி போனது அப்படி ஒரு ராத்திரிலதான், பகல்ல காலேஜ் மேட்ச் ஆடிட்டு அதே காலோட வயல்ல எறங்கினேன், திரும்பறப்ப கால் குழில மாட்டி உள்ள ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. முட்டி லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் ஆச்சுன்னா மறுபடி ஆட ஒம்பது மாசமாவது ஆகும், உங்கப்பாவுக்கு மருந்து வாங்கற காசு உன் காலுக்கு போயிடும், ஒரு சீசனும் போயிடும். கோச் வேண்டாம்னு சொல்றது அந்த ஓய்வில்லாத காலுக்காகத்தான். வீட்டு நெலமை அவருக்கு தெரியாதுல்ல. சீசன் இல்லாத மாசத்துல ஆட விடுவாரா, காலைல சின்ன பசங்களுக்கு சொல்லிக் குடுக்கற வேலை ஏதாவது புடிச்சுத் தருவாரான்னு கேட்டுப் பாரு. நாளைக்கு பிராக்டிஸுக்கு அரை மணி முன்னாடி போ, மத்த பசங்க வர்றதுக்குள்ள அப்பா விஷயத்த அவர் கிட்ட சொல்லிடு.